மலேசியாவுல கெடா பக்கம் பீடோங் பத்தர் கடையில அம்மாவுக்கு செஞ்ச அலர்ஜி காப்பு, நாலு ஸ்டார் தான்

ஸ்டார முதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு. ஒன்ன ஏன் புடிச்சு வச்சேன்னு கீழ வரும். கடை பேரு போடல, ஏன்னா பத்தர் மாமாவே "பேரெல்லாம் வேணாம்மா, அப்புறம் எல்லாரும் தீபாவளி நேரத்துல வந்து நிப்பாங்க"ன்னு சொல்லிட்டாரு, ஆனா பீடோங் ஆளுங்களுக்கு பசார் பக்கம் திரும்புற இடத்துல, பழைய மரப்படி வச்ச கடை வரிசையில, எப்பவும் ரேடியோ பாடிக்கிட்டு இருக்கற கடைன்னு சொன்னா போதும்.

இது நகை ரிவியூ இல்ல. அம்மா கையில போட்டிருக்கறது வெள்ளி காப்பு தான், ஆனா அதுல ரெண்டு மருந்து பேரு வெட்டியிருக்கு, அது ஏன்னு சொல்லாம காப்ப பத்தி மட்டும் சொன்னா உங்களுக்கு ஒன்னும் புரியாது, அதனால கதைய கொஞ்சம் பின்னாடி இருந்து ஆரம்பிக்கறேன்.

போன வருஷம் அம்மாவுக்கு பித்தப்பையில கல்லு. சின்ன ஆப்ரேஷன், வயித்துல சின்ன சின்ன ஓட்ட போட்டு எடுத்துடுவாங்க, மறுநாள் வீடுன்னாங்க. காலையில எட்டரைக்கு உள்ள தள்ளிட்டு போனாங்க, நானும் தம்பியும் கீழ கேன்டீன்ல பசியாறலாம்னு ரொட்டி சானாய் சொல்லிட்டு உட்கார்ந்தோம், அந்த ரொட்டி மேசைக்கு வர்றதுக்குள்ள போன் வந்துடுச்சு. மேல ஓடுனா பச்சை தொப்பி போட்ட பியூஸ் டாக்டர், அதாவது மயக்க மருந்து குடுக்கறவரு, நிக்கறாரு, நம்ம தமிழ் ஆளு தான். "இன்னும் கத்தியே வைக்கலம்மா, மருந்து ஒத்துக்கல, இப்ப பிரஷர் ஏறிக்கிட்டு இருக்கு"ன்னாரு. ஏறிக்கிட்டு இருக்குன்னா அதுக்கு முன்னாடி எவ்ளோ இறங்கியிருந்துச்சுன்னு கேக்க எனக்கு வாய் வரல.

அன்னிக்கு சாயங்காலம் ஐசியூ வாசல்ல உட்கார வச்சு பொறுமையா சொன்னாரு. மயக்கம் குடுக்கறதுன்னா ஒரு மருந்து இல்லையாம், வரிசையா நாலஞ்சு போகுமாம். வலிக்கு ஃபென்டானில், தூங்க வைக்க புரோபோஃபால், கிருமி வராம இருக்க ஆன்டிபயாடிக், அப்புறம் தொண்டையில குழாய் விடறதுக்கு உடம்பு சதைய எல்லாம் தளர வைக்கற மருந்து, அம்மாவுக்கு குடுத்தது ரோகுரோனியம். எல்லாமே அஞ்சு பத்து நிமிஷத்துக்குள்ள போயிடுது. போன கொஞ்ச நேரத்துல பிரஷர் சரிஞ்சு, நாடி தாறுமாறா ஓடி, நுரையீரல் இறுகி, பைய அமுக்குனா காத்து உள்ள போக மாட்டேங்குது. மூடியிருந்த துணிய தூக்கி பாத்தா நெஞ்செல்லாம் செவப்பு தடிப்பு. இதுல பயங்கரம் என்னன்னா, வீட்ல இறால் சாப்பிட்டு அலர்ஜி ஆனவங்க "அரிக்குது, தொண்டை அடைக்குது"ன்னு சொல்லுவாங்க, தூங்கிட்டவங்க எப்படி சொல்லுவாங்க? மெஷின் தான் சொல்லணும், அது பெரும்பாலும் பிரஷர் இறங்குன பிறகு தான் சொல்லும். உடனே அட்ரினலின், பாட்டில் பாட்டிலா சலைன், கால தூக்கி வச்சு... அட்ரினலின் தான் உயிர புடிச்சு நிறுத்துச்சுன்னு டாக்டர் சொன்னாரு, அவருக்கு நான் நூறு ஸ்டார் குடுப்பேன், ஆனா இது அவரு ரிவியூ இல்ல.

எந்த மருந்துன்னு அன்னிக்கு யாருக்கும் தெரியாது, ஒன்னா போனதுல எது குத்தவாளின்னு எப்படி சொல்றது. ரத்தம் எடுத்தாங்க, உடனே ஒரு தடவ, கொஞ்ச மணி நேரம் கழிச்சு ஒரு தடவ, மறுநாள் ஒரு தடவ. டிரிப்டேஸ்னு ஒரு சமாச்சாரம், அலர்ஜியில உடைஞ்சு கொட்டற செல்லுல இருந்து வர்றது, அது ஏறி அப்புறம் இறங்கியிருந்தா நெசமாவே அலர்ஜி தான்னு அடையாளமாம். அம்மாவுக்கு ஏறித்தான் இருந்துச்சு.

அதுக்குள்ள சொந்தக்காரங்க கூட்டம் ஆளாளுக்கு தீர்ப்பு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. பெரியத்தை, "அன்னிக்கு ராத்திரி முட்டை சாப்பிட்டாளா, அந்த வெள்ளை மருந்துல முட்டை இருக்காம்"னு ஒரே புடியா புடிச்சுக்கிட்டாங்க. புரோபோஃபால்ல முட்டையில இருந்து எடுத்த கொழுப்பு இருக்கறது உண்மை, ஆனா முட்டை அலர்ஜி உள்ளவங்களுக்கே அது ஒத்துக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு, அத்தை இன்னும் நம்பல. மாமா அதவிட மேல, "ரப்பர் பால்ல முப்பது வருஷம் கைய வச்சவ, ரப்பர் கையுறை தான் காரணம்"னாரு.

மாமா சொன்னதுல ஒரு நியாயம் இருந்துச்சு, அதனால கொஞ்சம் இங்க நிக்கறேன். எங்கம்மா பதினாலு வயசுல இருந்து பால் மரம் வெட்டுனவங்க, அதாவது ரப்பர் மரத்துப் பட்டைய உளியால சீவி பால் எடுத்தவங்க. விடியறதுக்கு முன்னாடி ஆள் எண்ணற பெரட்டு, நெத்தியில லைட்ட கட்டிக்கிட்டு நிறையில ஓடி ஓடி வெட்டி, பால் சொட்டற மங்கு கிண்ணத்துல இருந்து பால வாளியில வழிச்சு, மறுநாள் ஒட்டுப்பால இழுத்து, கையில அந்த நாத்தம் சோப்பு போட்டாலும் போகாது. மரத்த எல்லாம் வெட்டிட்டு செம்பனை வச்ச பிறகு தான் நின்னாங்க. ரப்பர் அலர்ஜின்னு ஒன்னு நெசமாவே இருக்கு, அந்த பால்ல இருக்கற புரதத்துக்கு வர்றது, கையுறை போட்டு போட்டு நர்ஸுங்களுக்கும் சின்ன வயசுல இருந்து பல ஆப்ரேஷன் ஆன புள்ளைங்களுக்கும் வரும், வாழைப்பழம் அவக்காடோ கூட ஒத்துக்காம போகலாம். டாக்டரும் அத லிஸ்ட்ல வச்சாரு. ஆனா அது பொதுவா மருந்து போன உடனே வராது, ஆப்ரேஷன் நடந்துக்கிட்டு இருக்கும்போது கொஞ்சம் லேட்டா வரும்னு சொன்னாரு. பிரிட்டன்ல நாடு முழுக்க இந்த மயக்க அலர்ஜிய எண்ணி 2018ல ஒரு பெரிய அறிக்கை விட்டாங்களாம், 266 கேஸ எடுத்து அலசுனதுல, காரணம் புடிபட்ட கேஸுல பாதிக்கு கிட்ட ஆன்டிபயாடிக், மூணுல ஒரு பங்கு சதை தளர்த்தற மருந்து, அப்புறம் தோல துடைக்கற குளோர்ஹெக்ஸிடின் நூத்துக்கு 9, ரப்பர் கையுறை ஒன்னு கூட இல்லையாம். சுமாரா பத்தாயிரம் மயக்கத்துல ஒன்னு தான் இப்படி ஆகுமாம், அந்த ஒன்னு நம்ம லயத்துல இருந்து போன அம்மாவா இருக்கணுமா!

ஆறு வாரம் கழிச்சு பினாங்கு பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில தோல்ல குத்தி பாக்கற டெஸ்ட். சீக்கிரமே பண்ணக்கூடாதாம், பெரிய அலர்ஜி ஆன கையோட பண்ணா உண்மைய காட்டாம போகலாமாம், அதுக்கு முன்னாடி சில நாளு சளிக்கு அரிப்புக்கு போடற மாத்திரைய எல்லாம் நிறுத்த சொன்னாங்க. கையில பேனாவுல நம்பர் போட்டு சொட்டு சொட்டா வச்சு குத்துனாங்க. ரப்பர், இல்ல. குளோர்ஹெக்ஸிடின், இல்ல. ஆன்டிபயாடிக், இல்ல. ரோகுரோனியம் வச்ச இடம் கொசு கடிச்ச மாதிரி பொங்கி நின்னுச்சு. அதே குடும்பத்துல சக்ஸாமெத்தோனியம், அதுவும் பொங்குச்சு. சிஸ்அட்ராகுரியம்னு இன்னொன்னு, அது மட்டும் சும்மா இருந்துச்சு. மூணு மாசம் கழிச்சு அத போட்டு தான் கல்ல எடுத்தாங்க, எந்த தொந்தரவும் இல்ல.

அம்மா கேட்டது ஒரே கேள்வி, "இந்த மருந்த நான் ஜென்மத்துல பாத்ததில்லையே, முதல் தடவையே எப்படிடி அலர்ஜி வரும்?" எனக்கும் அதே தான். பதில் என்னன்னா, அந்த மருந்தோட ஒரு மூலை மாதிரியே இருக்கற மூலை வேற சாமான்லயும் இருக்காம், முகத்துக்கு பூசறது, கழுவற சோப்பு தண்ணி, சில இருமல் மருந்து. உடம்பு அங்கயே பழகி கோவத்த சேத்து வச்சுக்கும். ஃபோல்கோடின்னு ஒரு இருமல் மருந்து இருந்துச்சு, நார்வேல 2007லயே அத நிறுத்திட்டாங்க, நிறுத்துன பிறகு அங்க மயக்கத்துல வர்ற இந்த அலர்ஜி குறைஞ்சுச்சு, ஐரோப்பாவுல 2022 டிசம்பர்ல தான் எல்லா நாட்டுலயும் எடுத்துடுங்கன்னு முடிவு பண்ணாங்க. அம்மா என்னென்ன இருமல் மருந்து குடிச்சாங்கன்னு யாருக்கு தெரியும், எங்க வீட்ல இருமல்னா டவுன்ல சீன மருந்துக்கடை முதலாளி தவுக்கே எந்த பாட்டில எடுத்து குடுக்கறாரோ அது தான்.

சரி, இப்ப காப்புக்கு வரேன்.

முதல் ஆப்ரேஷன் நின்னு போனப்ப, டெஸ்டெல்லாம் நடக்கறதுக்கு முன்னாடி, கையில ஒரு அலர்ஜி கார்டு குடுத்தாங்க. அதுல "அலாஹான் உபாத் பியூஸ்"னு மட்டும் எழுதியிருந்துச்சு, அதாவது மயக்க மருந்து அலர்ஜி. அப்ப அவ்ளோ தான் தெரியும், அவங்கள குறை சொல்லல. ஆனா அந்த மூணு வார்த்தை என்ன பாடு படுத்துச்சுன்னா, நடுவுல அம்மாவுக்கு கடவாய்ப்பல்லு வலி தாங்கல, பல் கிளினிக்குக்கு போனா கார்ட பாத்த உடனே "மரத்துப்போற ஊசி போட மாட்டேன் அம்மா, பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பல்லுக்கு போடற லிக்னோகைனுக்கும் ரோகுரோனியத்துக்கும் எந்த சொந்தமும் இல்ல! பேரு தெரியாம பொதுவா எழுதி வச்சா, போடக்கூடாதத தடுக்காது, போடக்கூடியதத தடுத்துடும்.

இன்னொன்னு பியூஸ் டாக்டர் சொன்னது என் மண்டையில அப்படியே நின்னுடுச்சு. ரோட்ல அடிபட்டு நெனைவு இல்லாம எமர்ஜென்சிக்கு ஒருத்தர கொண்டு வந்தா, மூச்சுக்குழாய் விட அவசரத்துக்கு எடுக்கற மருந்து பெரும்பாலும் ரெண்டே ரெண்டு, ஒன்னு ரோகுரோனியம், இன்னொன்னு சக்ஸாமெத்தோனியம். அம்மாவுக்கு ஆகாத அதே ரெண்டும்! கார்டு எங்க இருக்கும்? கைப்பையில, கைப்பை ரோட்ல. தெனம் காலையில தம்பி மோட்டர் பின்னாடி உட்கார்ந்து கோயிலுக்கு போற மனுஷி. அப்ப தான் கையில போடற மாதிரி ஒன்னு வேணும்னு முடிவு பண்ணோம்.

முதல்ல ஆன்லைன்ல ஒரு ஸ்டீல் பிரேஸ்லெட் வாங்குனேன், 35 வெள்ளி, ரிங்கிட்ட தான் சொல்றேன். வாங்கிடாதீங்க. எழுத்து வெட்டல, மேல சாயம் அடிச்சிருக்காங்க, பாத்திரம் கழுவுற சோப்புலயும் வேர்வையிலயும் ரெண்டே மாசத்துல பாதி பேரு காணோம். அம்மாவும் "ஜெயில் கைதி மாதிரி இருக்கு"ன்னு கழட்டி கழட்டி ஜன்னல் ஓரம் வச்சுடுவாங்க. கழட்டி வச்ச பிரேஸ்லெட்டால என்ன பிரயோஜனம். அப்ப தான் அம்மாவே சொன்னாங்க, "வெள்ளியில காப்பு மாதிரி செஞ்சு குடு, போட்டுக்கறேன்".

பத்தர் மாமா கேட்டதும் முதல்ல சிரிச்சாரு. கொழந்தைக்கு அரைஞாண், கோயிலுக்கு வேலு, கல்யாணத்துக்கு மெட்டி, இதெல்லாம் செஞ்சிருக்காராம், மருந்து பேரு வெட்டுனதே இல்லையாம். நான் போன்ல படிச்சத சொன்னேன், 1953ல கலிஃபோர்னியாவுல டர்லாக்ங்கற ஊர்ல மேரியன் காலின்ஸ்னு ஒரு டாக்டரோட மகளுக்கு டெட்டனஸ் மருந்து ஒத்துக்காம உயிர் போற நெலமை வந்து, அவங்க அதுக்கப்புறம் மகள் கையில அலர்ஜி பேர வெட்டுன வெள்ளி பிரேஸ்லெட் போட்டு, அதுல இருந்து தான் 1956ல மெடிக்அலர்ட்னு பெரிய அமைப்பே வந்துச்சுன்னு. "அங்கயும் வெள்ளி தானா?"ன்னு கேட்டுட்டு தராச எடுத்துட்டாரு. வெள்ளின்னா தான் அவருக்கு மரியாதை.

வேலை சுத்தம். 925 வெள்ளி, 28 கிராம், கூலி எல்லாம் சேத்து 270 வெள்ளி. (நம்ம ஊர்ல காசுக்கும் வெள்ளின்னு சொல்றதால இந்த ரிவியூ எழுதறதே கஷ்டமா இருக்கு.) மெஷின் வெட்டு இல்ல, சின்ன உளி வச்சு கையாலயே வெட்டறாரு, ஆழமா, விரல வச்சு தடவுனா எழுத்து தெரியுது, கண்ணு தெரியாட்டியும் படிக்கலாம் போல. அம்மா பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அரை நாள் பாத்தாங்க, "அவரு உளிக்கும் சாணை புடிக்கணும், என் உளிக்கும் சாணை புடிக்கணும், ஆழமா போச்சுன்னா ரெண்டும் கெட்டுச்சு"ன்னு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அதே பேச்சு. மரத்துல உளி ஆழமா போனா பட்டை காயமாகி கங்காணி திட்டுவாராம்.

அவரு முதல்ல மூடுன காப்பு தான் அழகுன்னாரு. நான் விடல, திருகு வச்சு தெறக்கற மாதிரி வேணும்னேன். ஒன்னு, அலர்ஜியில கை வீங்குனா மூடுன காப்பு கழட்ட முடியாது, வெட்டி தான் எடுக்கணும். ரெண்டு, ஆப்ரேஷன் ரூமுக்குள்ள உலோகம் எதுவும் போட விட மாட்டாங்க, கரண்டு வச்சு ரத்தம் நிறுத்தற கருவி இருக்கறதால தோல் சுட்டுடும்னு பயம். ஆமா, அப்ப காப்பு ஆப்ரேஷன் ரூம் வாசல்லயே கழண்டுடும். அதனால முன்கூட்டியே தெரிஞ்ச ஆப்ரேஷன்னா காப்ப நம்பாதீங்க, டெஸ்ட் ரிப்போர்ட்ட எடுத்துட்டு போய் பியூஸ் டாக்டர் கையிலயே குடுத்து வாயால சொல்லணும். காப்பு வாய் தெறக்க முடியாத நாளுக்கு. திருக அவரு ரொம்ப நல்லா செஞ்சிருக்காரு, இத்தனை மாசம் ஆகியும் தானா கழண்டதே இல்ல.

இப்ப அந்த ஒரு ஸ்டார். மருந்து பேர நான் கையால எழுதி குடுத்தேன், நாலு நம்பர் லாட்டரி டிக்கெட் பின்னாடி, பால்பாயின்ட்ல, அவசரமா. தப்பு என் மேலயும் இருக்கு. மூணு நாள் கழிச்சு காப்பு பளபளன்னு ரெடி, வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டோட வச்சு பாக்கறேன், ரோகுரோனியம்னு இருக்க வேண்டிய இடத்துல வெகுரோனியம்னு இருக்கு! என் 'ஆர்' அவருக்கு 'வி' மாதிரி, 'ஓ' அவருக்கு 'ஈ' மாதிரி தெரிஞ்சிருக்கு, அவரு மேல சொல்லி என்ன, வார்த்தை அவருக்கு புதுசு. வெறும் எழுத்துப்பிழைன்னா கூட சிரிச்சுட்டு போகலாம், ஆனா வெகுரோனியம்னு நெசமாவே வேற ஒரு மருந்து இருக்கு, அதே குடும்பத்து சதை தளர்த்தற மருந்து தான். எமர்ஜென்சி டாக்டர் அத படிச்சுட்டு "சரி, அப்ப ரோகுரோனியம் போடலாம்"னு போட்டிருந்தா? எனக்கு கை நடுங்கிடுச்சு. கடைக்கு ஓடுனேன். பத்தர் மாமா ஒரு பேச்சு பேசல, கூலி கேக்கல, அந்த பக்கத்த உருக்கி தட்டி மறுபடியும் வெட்டிக் குடுத்தாரு, ஆனா வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சு காட்டி கேட்டிருக்கலாம். கல்யாண மோதிரத்துக்கு மாப்பிள்ளை பேர கேக்கறவரு மருந்து பேரையும் கேக்கணும் இல்லையா. இப்ப நான் சொல்லி, வாடிக்கையாளர் பிரிண்ட் எடுத்த பேப்பர் குடுத்தா தான் வெட்டுவேன்னு ஒரு சட்டம் போட்டிருக்காரு.

அப்புறம் பாம்பு. மருத்துவ சின்னம் ஒன்னு வேணும்னு கோலுல பாம்பு சுத்துன படத்த போன்ல காட்டுனேன். மனுஷன் கலைஞர் ஆச்சே, படம் எடுத்து ஆடற நாகமாவே செதுக்கிட்டாரு, செதில் கூட இருக்கு. பாக்க அவ்ளோ அழகு. ஆனா மாரியம்மன் கோயில்ல ரெண்டு பேரு அம்மா கைய புடிச்சு "சர்ப்ப தோஷத்துக்கு போட்டதா, எந்த சாமியார் சொன்னாரு?"ன்னு கேட்டுட்டாங்க. எமர்ஜென்சியிலயும் இது நேர்த்திக்கடன் காப்புன்னு நெனைச்சுட்டா என்ன பண்றதுன்னு, பேருக்கு மேல "அலாஹான் தெருக்"னு மலாய்ல, அதாவது கடுமையான அலர்ஜின்னு, வெட்டி செவப்பு எனாமல் ஊத்த சொன்னோம், அதுக்கு தனியா 20 வெள்ளி. இப்ப தூரத்துல இருந்தே செவப்பு தெரியுது. உள்பக்கம் தம்பி போன் நம்பர்.

எழுத்து எதுல வெட்டறதுன்னு கேக்கறவங்களுக்கு, தமிழ்ல வெட்டாதீங்க, ஆசையா இருந்தாலும். அம்மாவுக்கு தமிழ்ல இருந்தா தான் புடிக்கும், ஆனா படிக்க வேண்டியது அம்மா இல்ல. மருந்து பேரு இங்கிலீஷ் எழுத்துல, எச்சரிக்கை மலாய்ல. ரெண்டு மருந்து பேருக்கு மேல வெட்டவும் வேணாம், எழுத்து சின்னதாகிடும்.

மறுபடியும் பல் கிளினிக்குக்கு போனோம், அதே கிளினிக். காப்ப பாத்தாங்க, ரெண்டு பேரையும் படிச்சாங்க, ரிப்போர்ட்ட ஒரு தடவ பொரட்டுனாங்க, "இது வேற மருந்து அம்மா, நான் போடறதுக்கு இதுல ஒன்னும் இல்ல"ன்னு சொல்லிட்டு இருபது நிமிஷத்துல பல்ல எடுத்துட்டாங்க. அம்மா வெளிய வந்து, வாயில பஞ்ச வச்சுக்கிட்டே, காப்ப தூக்கி என்கிட்ட காட்டுனாங்க.

கடை நேரம், காலை பத்துல இருந்து சாயங்காலம் ஆறு, நம்ம கெடா லீவு மாதிரி வெள்ளிக்கிழமை மூடி. மத்தியானம் ஒன்னுல இருந்து ரெண்டரை வரைக்கும் சாப்பாட்டுக்கு போயிடுவாரு, அப்ப போய் கதவ தட்டாதீங்க. காடி நிறுத்த இடம் கஷ்டம், பின்னாடி பசார் பக்கம் நிறுத்திட்டு நடந்து வாங்க. பேப்பர பிரிண்ட் எடுத்துட்டு போங்க, வெட்டுன பிறகு கடையிலயே நின்னு ஒவ்வொரு எழுத்தா படிச்சு பாத்துட்டு காசு குடுங்க.